மூச்சு மறைப்பதில்லை: மிகுகுடியும் நுரையீரலும்

(கடலூரில் அட்சய திருதியை விழாவின்போது நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை ஜினாலயத்தில் அனைவரும் கரும்புச்சாறு பெற்றிருப்பர். நெடுநாள் உண்ணாநோன்புக்குப் பின் ஆதிபகவனாகிய விருஷப தேவருக்கு அத்தினாபுரத்துச் சிரேயாம்ச மன்னன் அளித்த முதல் உணவு அது என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். கடலூர் மாவட்டத்தாருக்குக் கரும்போடு வேறோர் உறவும் உண்டு. நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலை உள்ளது. சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் எஞ்சும் கரும்பாகை ஆலைகளில் மொலாசஸ் என்பர். அதை நொதிக்கவைத்துக் காய்ச்சி வடித்தால் எரிசாராயம் கிடைக்கிறது. பிராந்தி, விஸ்கி, ரம் என்ற பெயர்களில் இந்தியாவில் விற்கப்படும் மதுவகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை இந்த எரிசாராயமே. புட்டியின் மேல் ஒட்டிய தாளில் திராட்சைக் கொத்து அழகாக அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் கரும்பு.

இவ்வுரையின் பொருள் மதுவும் நுரையீரலும். கேட்போர் சிலர் வியக்கக்கூடும். மது என்றால் கல்லீரல் என்பதே ஊரறிந்த செய்தி. 'குடித்துக் குடித்து ஈரல் கெட்டுவிட்டது' என்று சொல்லாத தெரு இல்லை. நுரையீரலுக்குப் புகையைத்தான் பகைவனாகக் காட்டுவார்கள். ஆனால் மிகுதியாகக் குடிப்பவர்களின் நுரையீரலில் நேரும் கேடு கல்லீரல் கேட்டைப் போலவே உண்மையானது, அதைவிட மறைவானது. கல்லீரல் சுருங்கி இறந்தவரின் கதையில் மது பெயரோடு வருகிறது. நிமோனியாவால் இறந்தவரின் கதையிலும், காசநோயால் இறந்தவரின் கதையிலும் மதுவின் பெயர் பெரும்பாலும் வருவதே இல்லை. நோயின் பெயர் மட்டும் ஏட்டில் நின்றுவிடுகிறது.

மருத்துவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகர மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1785ஆம் ஆண்டு வாக்கிலேயே கடுங்குடிக்கும் நுரையீரல் நோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார். அதன்பின் இரு நூற்றாண்டுகள் அது அனுபவ அறிவாகவே இருந்தது. ஏன், எப்படி என்ற வினாக்களுக்கு விடை கிடைக்கத் தொடங்கியது கடந்த முப்பது ஆண்டுகளில்தான்.

சாலையில் காவலர் வண்டியை நிறுத்தி, ஒரு கருவியை நீட்டி, ஊதச் சொல்வதை அனைவரும் கண்டிருப்பர். புதுச்சேரி எல்லையிலிருந்து கடலூர் வரும் வழியில் இது வழக்கமான காட்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருத்தல் குற்றம். குருதியில் இருப்பதை மூச்சு எப்படிக் காட்டிக்கொடுக்கிறது? குடித்த மது குருதியில் கலந்து நுரையீரலுக்கு வருகிறது. மெல்லிய சுவர்களைக் கடந்து ஆவியாகிக் காற்றில் சேர்கிறது. அந்த ஆவி முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. வெளிமூச்சில் மேலேறும்போது ஒரு பகுதி மூச்சுக்குழாயின் ஈரச்சுவரில் மீண்டும் படிகிறது. அடுத்த உள்மூச்சில் மீண்டும் ஆவியாகிறது. ஒருவர் குடித்து முடித்துப் பல மணி நேரம் ஆன பின்னும் அவருடைய மூச்சுப்பாதை மதுவில் நனைந்துகொண்டே இருக்கிறது. வயிற்றுக்குள் போனது வயிற்றோடு நின்றுவிடும் என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது.

திருப்பாதிரிப்புலியூருக்குப் பாடலிபுரம் என்ற பழம்பெயர் உண்டு. சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலை இயற்றிய பாடலிகை இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. மூவுலகின் நீள அகலங்களைக் கணக்கிட்டுச் சொன்ன நூல் அது. அத்தகைய ஊரில் நின்று நெஞ்சுக்கூட்டுக்குள் அடங்கிய ஓர் உறுப்பின் கணக்கைச் சொல்வது தகும். மனித நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்பினால் ஒரு வீட்டின் தரைத்தளத்தையே மூடும் அளவு, ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். உலகக் காற்றோடும் அதிலுள்ள தூசோடும் நுண்ணுயிரோடும் இத்தனை பரப்பில் தொட்டுக்கொண்டிருக்கும் உறுப்பு உடலில் வேறில்லை. எனவே அதற்குக் காவலும் அடுக்கடுக்காக அமைந்துள்ளது.

முதற்காவல் இருமலும் தொண்டையின் உணர்வும். உணவோ எச்சிலோ வழிதவறினால் உடனே இருமல் வந்து வெளியேற்றும். மிகுந்த போதையில் கிடப்பவருக்கு இந்த உணர்வு மங்கிவிடுகிறது. வாயிலுள்ள கிருமிகள் நிறைந்த எச்சிலும் வாந்தியும் சத்தமின்றி நுரையீரலுக்குள் இறங்குகின்றன. மிகுகுடியருக்கு வரும் நிமோனியாவும் நுரையீரல் சீழ்க்கட்டியும் பல வேளைகளில் இவ்வாறே தொடங்குகின்றன. போதையில் மல்லாந்து கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவது இதனால்தான்.

இரண்டாங்காவல் மூச்சுக்குழாயின் உட்சுவரில் அமைந்த நுண்மயிர்கள். காற்றில் ஆடும் நெற்பயிர் போல இவை ஓயாமல் ஒரே திசையில் அசைந்து, தூசையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளுகின்றன. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜோசப் சிசன், டாட் வயட் முதலியோர் இந்த அசைவை நெடுங்காலம் ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது எதிர்பாராதது. சிறிது மது சிறிது நேரம் பட்டால் நுண்மயிர்களின் அசைவு மிகுகிறது! ஆனால் மது தொடர்ந்து நாட்கணக்கில் படும்போது அவை தூண்டுதலுக்கு அசைய மறுக்கின்றன. கிருமி வந்துவிட்டது, விரைந்து தள்ளு என்ற செய்தி வந்தாலும் எழுவதில்லை. 'சளிக்கு ஒரு மடக்குப் பிராந்தி நல்லது' என்று சொல்லும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு எங்கோ ஒரு துளி ஆதாரம் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் சோதனைக்கூடத் தட்டில் கண்ட ஒருநேர அசைவு மருந்தாகிவிடாது. நாள்தோறும் குடிப்பவரிடம் நிகழ்வது அதற்கு நேர்மாறு.

மூன்றாங்காவல் நுண்ணறைக்குள் உலவும் விழுங்கு செல்கள். மேக்ரோஃபேஜ் எனப்படும் இவை உள்ளே நுழையும் கிருமியைப் பற்றி விழுங்கிச் செரித்துவிடும். நெடுநாள் மதுவுக்கு ஆட்பட்ட நுரையீரலில் இவற்றின் எண்ணிக்கை அத்தனை குறைவதில்லை; ஆற்றல் குறைகிறது. துத்தநாகச் சத்து இச்செல்களுக்குள் போதிய அளவு சேராமையும் ஒரு காரணம் என்று அட்லாண்டா நகர எமரி பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து 1996ஆம் ஆண்டில் மார்க் மாஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை எனலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 351 நோயாளிகளை அவர்கள் கவனித்தனர். எல்லோரும் கிருமித்தொற்று, விபத்து போன்றவற்றால், நுரையீரல் திடீரெனத் திரவத்தால் நிறைந்து செயலிழக்கும் ஆபத்தில் இருந்தவர்கள். அந்நிலையை மருத்துவர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்பர், கொரோனா நாட்களில் பல குடும்பங்கள் அச்சத்தோடு கேட்ட பெயர் அது. மிகுகுடி வரலாறு இல்லாதவர்களில் 22 விழுக்காட்டினருக்கு அது வந்தது. மிகுகுடி வரலாறு உடையவர்களில் 43 விழுக்காட்டினருக்கு வந்தது. வந்தபின் இறந்தவர்கள் முன்னவரில் 36 விழுக்காடு, பின்னவரில் 65 விழுக்காடு. ஒரே நோய், ஒரே மருத்துவமனை வசதி, ஒரே வென்டிலேட்டர். எனினும் இத்தனை வேற்றுமை. இவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் மூச்சுத்திணறல் என்று மருத்துவரிடம் போனவர்கள் அல்லர் என்பதைக் கருத வேண்டும். அமைதிக்காலத்தில் அவர்களின் நுரையீரல் இயல்பாகவே தோன்றியது. படை வந்தபோதுதான் கோட்டைச்சுவர் உள்ளே உளுத்திருந்தது தெரிந்தது.

உளுத்தது எது? நுண்ணறைகளின் உட்புறத்தை ஒரு மெல்லிய நீர்ப்படலம் மூடியுள்ளது. அதில் குளுதாதயோன் என்னும் காப்புப்பொருள் மிகுந்த அளவில் கரைந்திருக்கிறது. உயிர்வளியை நாள்முழுதும் எதிர்கொள்ளும் உறுப்பு துருப்பிடிப்பது போன்ற சிதைவுக்கு ஆளாகாமல் காப்பது இதுவே. வேறு நோய் எதுவும் இல்லாத மிகுகுடியரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை மாஸ் குழுவினர் 2000ஆம் ஆண்டு ஆய்ந்தபோது, அதில் குளுதாதயோன் இயல்பான அளவில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. காப்பு குறைந்தால் நுண்ணறைச் சுவரின் செல்களுக்கு இடையேயுள்ள இறுக்கமான பிணைப்புகள் தளர்கின்றன, நீர் கசிகிறது. கசிவை வெளியேற்ற உடல் ஓரளவு முயன்று சமன்செய்துகொள்கிறது. பெருந்தொற்று ஒன்று வரும்போது அந்தச் சமநிலை உடைகிறது.

குடிப்பவர் பலர் புகைப்பவராகவும் இருப்பதால், கேடு புகையால் வந்ததா மதுவால் வந்ததா என்ற ஐயம் நியாயமானது. அதைத் தீர்த்தவை எலிகள், எலிகள் புகைப்பதில்லை. புகையே படாமல் மது மட்டும் பல வாரங்கள் ஊட்டப்பட்ட எலிகளிலும் குளுதாதயோன் குறைந்தது, சுவர் கசிந்தது. இதைச் சொல்லும்போது இந்த அவைக்கு ஒரு தயக்கம் எழுவது இயல்பு. ஓரறிவு உயிருக்கும் ஊறு செய்யாமை அறம் என்று கொண்டவர்கள், கூண்டிலடைத்த எலிகளின் உயிரிலிருந்து பெறப்பட்ட அறிவை எப்படி ஏற்பது? அந்த வினாவுக்கு எளிய விடை இல்லை. மனிதன் தன் விருப்பத்தால் தேடிக்கொண்ட கேட்டை விளங்கிக்கொள்ள, அதை விரும்பாத உயிர்கள் விலை கொடுத்தன என்பது மட்டும் உண்மை.

இந்தக் குளுதாதயோன் கதையில் கடலூர் மாவட்டத்துக்கும் ஒரு பங்குண்டு. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் வேணுகோபால் மேனனும் அவருடைய மாணவர்களும் 1990களின் இறுதி முதல் மது விளைவிக்கும் ஆக்சிஜனேற்றச் சிதைவை ஆராய்ந்தனர். மஞ்சளிலுள்ள குர்க்குமின் அச்சிதைவைத் தணிக்குமா என்பது அவர்களது வினாக்களுள் ஒன்று. எலிகளின் கல்லீரலிலும் மூளையிலும் ஓரளவு தணித்தது என்று கண்டனர். நுரையீரல் அவர்களது முதன்மைப் பொருள் அன்று. ஆயினும் மது ஓர் உறுப்பின் நஞ்சன்று, உடல் முழுவதன் காப்புப்பொருளையும் உண்டு தீர்ப்பது என்ற புரிதலுக்கு அப்பணி துணைநின்றது. இதைக் கேட்டு, குடித்துவிட்டு மஞ்சள்பால் அருந்தினால் போதும் என்று எவரும் முடிவுகட்டிவிட வேண்டா. ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை.

நிமோனியாவைப் பொறுத்தவரை கணக்கு தெளிவாக உள்ளது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, மது அடிமை நிலையில் உள்ளவர்க்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 8 மடங்கு. அளவு கூடக்கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடுகிறது. மிகக் குறைவாகக் குடிப்பவரின் நுரையீரல் பற்றி ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. சில ஆய்வுகளில் தீங்கு தெரியவில்லை. அதை மறைக்கத் தேவையில்லை. இவ்வுரை பேசுவது மிகுகுடியைப் பற்றி.

மிகுகுடி என்பது எவ்வளவு? இங்கேதான் பலர் தம்மை விலக்கிக்கொள்கின்றனர். 'அவன் விழுந்து கிடப்பவன், நான் அளவாகத்தான்' என்பது எல்லாக் குடிப்பவரும் சொல்லும் சொல். காசநோய் பற்றிய உலக ஆய்வுகளைத் தொகுத்து நட் லன்ரோத் முதலியோர் 2008இல் எழுதிய கட்டுரை, நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல் ஆல்கஹால் அருந்துவோர்க்கும் மதுவால் ஏற்படும் கோளாறு உடையோர்க்கும் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு என்று கண்டது. 40 கிராம் என்பது பெரிய அளவன்று. கடையில் 'குவாட்டர்' என்று கேட்டு வாங்கும் 180 மில்லி புட்டியில், 42.8 விழுக்காட்டு வலிமையில், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் உள்ளது. அதில் மூன்றில் இரு பங்கிலேயே அந்த வரம்பு வந்துவிடுகிறது. 8 விழுக்காட்டு வலிமையுள்ள பீர் 650 மில்லி புட்டி ஒன்றிலேயே 41 கிராம் உள்ளது. 'பீர்தானே' என்பவர் இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். நோய்க்கிருமி உடலில் புகுந்தவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. விழுங்கு செல்கள் அதைச் சுற்றிவளைத்து ஆண்டுக்கணக்கில் உறங்கவைத்துவிடும். அக்காவல் தளரும்போது கிருமி விழிக்கிறது. ஊட்டக்குறை, சர்க்கரைநோய், புகை, எச்.ஐ.வி. ஆகியவற்றோடு மதுவையும் அக்காவலைத் தளர்த்தும் முதன்மைக் காரணங்களில் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனம் வைக்கிறது. காற்றோட்டமற்ற மதுக்கூடங்களில் நெருங்கியமர்ந்து இருமிப் பேசுவதும் சேர்ந்துகொள்கிறது.

இதைத் தமிழ்நாட்டு ஆய்வுகள் நேரிலேயே கண்டுள்ளன. மருத்துவமனையில் அடைத்துவைக்காமல் வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1950களில் உலகுக்குக் காட்டிய சென்னை நிறுவனம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது. அதன் ஆய்வாளர்கள் சென்னையில் சிகிச்சை பெற்ற 490 நோயாளிகளிடம் மதுப்பழக்கம் பற்றிக் கேட்டு 2011இல் வெளியிட்டனர். 29 விழுக்காட்டினர் குடிப்பவர்கள்; அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் கேடுதரும் அளவில் குடிப்பவர்கள். அதற்கு முன்னர்த் திருவள்ளூர் மாவட்டத்தில் 676 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, சிகிச்சையை இடையில் விட்டவர்களில் மதுப்பழக்கம் உடையோர் மிகுதி என்றும் தெரிந்தது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பாஸ்டன், நியூஜெர்சி ஆய்வாளர்களோடு இணைந்து 2014 முதல் நடத்திய ஆய்வில் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதி நோயாளிகளும் அவர்தம் வீட்டாரும் பங்கேற்றனர். அங்கும் ஊட்டக்குறை, சர்க்கரைநோய், மது மூன்றும் நோயோடு கைகோத்து நின்றன.

சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் ஆகியவை கல்லீரலைச் சோதிக்கும் மருந்துகள். குடி தொடர்ந்தால் மஞ்சள்காமாலை வந்து மருந்தை நிறுத்த நேர்கிறது. நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அஞ்சாததாகிறது. சிகிச்சை பெறாத காசநோயாளி ஒருவர் ஓராண்டில் நெருங்கிப் பழகும் 5 முதல் 15 பேருக்குக் கிருமியைத் தரக்கூடும். அவர்கள் யார் என்று தேட வேண்டியதில்லை. ஒரே கூடத்தில் படுத்துறங்கும் பிள்ளைகளும் வயதான பெற்றோரும்தான்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்திலும் அவ்வாறே. இரண்டும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள். தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழும் நிலம். நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் அரசு முத்திரையிட்ட புட்டியிலிருந்து குடித்து, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, மழைக்கால நிமோனியாவில் மூன்றே நாளில் இறந்துபோகும் ஐம்பது வயதுக்காரரைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை.

மத்யம், மாமிசம், மது எனும் தேன் ஆகியவற்றை விலக்குவதும் ஐந்து அணுவிரதங்களும் இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்கள் என்று சமந்தபத்திரர் வகுத்தார். அவ்வழி வந்த குடும்பங்களில் குடி இல்லை என்று சொல்லிவிட்டால் எளிது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் குடிப்பவர். வேலைக்காக ஊர்விட்டுப் போன இளைஞர்கள் எல்லோரும் மற்ற மூவரில்தான் இருப்பார்கள் என்று எண்ணுவது நல்லெண்ணமே தவிர அறிவன்று. விரதம் உள்ள குடும்பத்தில் குடி நுழையும்போது அது மற்றவர் வீட்டைவிட ஆழமாக ஒளிந்துகொள்கிறது. ஒளித்துவைப்பதில் வீடு முழுவதும் கூட்டுச்சேர்கிறது.

எந்தக் குடும்பத்தையும் சுட்டாமல், பல மருத்துவமனைகளில் நிகழும் ஒரு காட்சியைச் சொல்லலாம். காய்ச்சலும் மூச்சிரைப்புமாக ஒருவரைக் கொண்டுவருகின்றனர். மருத்துவர் கேட்கிறார், 'ஐயாவுக்குக் குடிப்பழக்கம் உண்டாம்மா?' மனைவி மைத்துனரைப் பார்க்கிறார். மைத்துனர் சொல்கிறார், 'அதெல்லாம் எங்க குடும்பத்துலயே கிடையாதுங்க டாக்டர். நாங்க சுத்த சைவம்.' பொய் சொல்லும் எண்ணத்தால் அன்று; அண்ணன் மானத்தைக் காக்கும் எண்ணத்தால். இரண்டாம் நாள் நோயாளியின் கைகள் நடுங்குகின்றன. மூன்றாம் நாள் இல்லாததைக் கண்டு அலறுகிறார், ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கி எறிகிறார், வலிப்பு வருகிறது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று வீட்டார் அழுகின்றனர். நடந்ததோ, நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தியதால் வரும் விலகல் நோய். முதல் நாளே தெரிந்திருந்தால் அதற்கு மருந்து உண்டு. தயமின் ஊசி உண்டு. நிமோனியாவுக்குரிய மருந்தையும் வேறு கிருமிகளை எண்ணித் தேர்ந்திருப்பர். மறைத்த ஒரு சொல்லுக்காக இரண்டு நாட்கள் வீணாயின. கசியும் சுவருடைய நுரையீரலுக்கு இரண்டு நாட்கள் என்பது மிக நீண்ட காலம்.

குற்றத்தைக் குருவின் முன் ஒளிக்காமல் எடுத்துரைத்தலை ஆலோசனை என்பர். கழுவாய்களின் வரிசையில் அதுவே முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. சொல்லாத குற்றத்துக்குக் கழுவாய் தொடங்குவதே இல்லை என்பது அதன் உட்பொருள். மருத்துவர் முன் உண்மை சொல்லுதல் அதற்கு ஈடன்று. ஆனால் ஆலோசனையை அறிந்த சமூகத்துக்கு அது அயலான பழக்கமுமன்று.

மானத்தை மறைவிலிருந்து வெளியே கொண்டுவந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே உள்ளனர். பெயர்பெற்ற தொழிற்குடும்பத்தின் மருமகளான சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். அதைப் பேசாமல் வாழ்ந்திருக்கலாம். 1980இல் கணவர் பெயரிலேயே சென்னையில் குடிநோய் சிகிச்சைக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கருதாமல், மருந்தாலும் ஆற்றுப்படுத்தலாலும் தீர்க்கத்தக்க நோய் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே கற்றன. குடிப்பவரோடு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியே ஆலோசனை தருவது அங்குள்ள முறை.

இன்று உதவி தொலைவில் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநீக்கச் சிகிச்சை உண்டு. சிதம்பரத்து மருத்துவக் கல்லூரியும் இப்போது அரசின் கீழ்தான் உள்ளது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலும் பேசலாம். காசநோய்க்குத் தமிழ்நாடு அரசு 2022இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. நோய் கண்டறிந்தவுடன் நோயாளியின் உடல்மெலிவு, மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைச் சுகாதாரப் பணியாளர் பார்த்து, ஆபத்தில் உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார். அந்தப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது 'ஊரார் பார்ப்பார்கள், பிறகு வாருங்கள்' என்று வாசலிலேயே அனுப்பிவிடாமல் இருப்பது வீட்டார் செய்யத்தக்க முதல் உதவி.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர், இந்த உரையைக் கேட்ட வேகத்தில் நாளைக் காலையே தாமாக முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். நோன்பை இடைமுறிக்காத மனத்திண்மை உடையவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். வலிப்பு மனத்திண்மையைக் கேட்டு வருவதில்லை. நிமோனியாத் தடுப்பூசி தமக்கு வேண்டுமா என்பதையும் அப்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் வீட்டார் ஒரு சிறு தாளில் நான்கு செய்திகளை எழுதிக் கொண்டுபோதல் நலம்: என்ன குடிக்கிறார், நாளொன்றுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக, கடைசியாகக் குடித்தது எந்த நாள் எந்த மணிக்கு. உறவினர் சூழ நிற்கும்போது வாய்விட்டுச் சொல்ல நாணினால், அந்தத் தாளை மடித்து மருத்துவர் கையிலோ செவிலியர் கையிலோ கொடுத்துவிடலாம். கடைசிச் செய்தியில் மணி சரியாக இருக்க வேண்டும். விலகல் நோய் எப்போது தொடங்கும் என்பதை அவர்கள் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குவார்கள்.